விலைக்கு வாங்கிய பாட்டன்

அத்தியாயம் ஆறு

சர் கத்பர்ட்டின் ரோஜாச் செடிகளை ஒரு செம்மறி ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கொட்டும் மழையில், யாரைப் பற்றியும் கவலைப்படாமல், மொட்டைக்கூட விட்டுவைக்காமல்.

நான் அதன் கழுத்தை இடுக்கிக்கொண்டு காதைத் திருப்பிப் பார்த்தேன். இடது காதின் நுனியில் மீன்வால் மாதிரி ஒரு பிளவு. வலது காதின் அடியில் சின்னதாக ஒரு கொத்து. எங்கள் மலையில் பண்ணைக்குப் பண்ணை காது வெட்டு வேறு.

"பெட்சன் வீட்டு ஆடு, மிஸ்."

"குற்றவாளியோட கூட்டாளி சம்பவ இடத்துக்கே வந்திருக்கா? பிடிச்சு வை, எம்ரிஸ்."

"வாய் நிறைய தடயத்தை மென்னுக்கிட்டிருக்கு. விழுங்கி முடிக்கட்டும்."

ஆட்டை விட்டேன். அது நாலடி தள்ளிப்போய் அடுத்த செடியை ஆரம்பித்தது.

மிஸ் ப்ராசர் எங்கள் பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். "நாய் சிலேட்டைத் தின்னுடுச்சு மிஸ்" என்பதில் தொடங்கி எல்லாப் பொய்களையும் கேட்டுப் பழகிய காது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதை வைத்துத் துப்பறிகிறார். எனக்கு நாற்பது வயது. கல் குவாரி என் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு என்னை வெளியே அனுப்பியது. அன்றிலிருந்து அவருக்குக் கார் ஓட்டுகிறேன், கதவு தட்டுகிறேன், வாய் பேசுகிறேன். இன்னும் அவர் எனக்கு மிஸ்தான்.

எதிரே பிளாஸ் டெர்வென் மாளிகை நின்றது. அதைக் கட்டியது க்வின் குடும்பம். நாய்க்கும் குதிரைக்கும் செலவழித்ததுபோக மிச்சத்தைக் குடித்தார்கள். குடிக்க ஒன்றும் மிஞ்சாதபோது வீட்டைக் குவாரி முதலாளிக்கு விற்றார்கள். அவர் கூரையை மாற்றிப் புதுக் கற்பலகை போட்டார். அந்தப் பலகைகளைப் பிளந்தவர் என் தாத்தா. அவர் நுரையீரலில் பாதி அந்தக் கூரையில்தான் இருக்கிறது. அந்த முதலாளி நொடித்ததும் லங்காஷயரிலிருந்து சர் கத்பர்ட்டின் சோப்புக் கம்பெனிக் குடும்பம் வந்து வாங்கியது.

கைமாறும்போதெல்லாம் அடுப்பு, அலமாரி, சுவரில் தொங்கும் க்வின் கிழவர்கள் எல்லாம் வீட்டோடு சேர்த்தி. வாங்கியவர்கள் முதல் பத்து வருஷம் அவர்களை "அந்தப் பழைய படங்கள்" என்பார்கள். பிறகு "எங்கள் மூதாதையர்" என்பார்கள். ஆள் புதிது, பாட்டன் பழையவன்.

இப்போது அந்தப் பாட்டன்களில் பெரியவரைத்தான் காணோம்.

படத்தின் பெயர் 'ரிஷார்ட் க்வினும் அவர் கடாவும்'. மாளிகையைக் கட்டிய மனிதர் ஒரு செம்மறிக் கடாவின் முதுகில் கைவைத்து நிற்பார். பின்னால் மோயல் மலை. முன்னூறு வருஷத்து அடுப்புப் புகை படிந்து, மனிதர் எது கடா எது என்று யூகித்துத்தான் சொல்ல முடியும். அந்த மலைக்குத்தான் வழக்கு. சர் கத்பர்ட் அதில் வேலி போட்டுப் பைன் மரம் நடப் பார்க்கிறார். மலையடிவாரப் பண்ணைக்காரி பெட்சன் ஹொவெல், எங்கள் ஆடுகள் தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்கின்றன என்கிறாள். மலையை இழந்தால் ஆட்டை விற்க வேண்டும். ஆட்டை விற்றால் பண்ணையை விட வேண்டும். இரண்டு பேரிடமும் எழுத்தில் ஒன்றும் இல்லை. சர் கத்பர்ட்டிடம் படம் இருந்தது. "என் மூதாதை, என் மலை, என் கடா" என்று மேய்ச்சல் ஆணையரிடம் காட்டுவதற்காகப் படத்தைச் சுத்தம் செய்ய அனுப்பினார். அது திரும்பி வந்த மறுநாளே காணாமல் போனது.

இன்று தேநீர் முடிந்ததும் ஆணையர் தீர்ப்புச் சொல்கிறார். அதோடு பெட்சனுக்குக் கைவிலங்கு. காரணம், படம் போன ஜன்னலில் கிடைத்த ஒரு பிடிக் கம்பளி.

கதவைத் திறந்ததே சர் கத்பர்ட்தான். பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தார். அப்போதுதான் உறையிலிருந்து பிரித்த மாதிரி.

"வாங்க, மிஸ் ப்ராசர். உங்களை ஏன் கூப்பிட்டேன்னு தெரியுமில்ல? நான் சொன்னா, வெளியூர்க்காரன் ஏழையை நசுக்கறான்னு பேசுவாங்க. உள்ளூர்க்காரி நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது."

"நான் என்ன சொல்லணும்னு முடிவு பண்ணிட்டீங்களா, சர் கத்பர்ட்?"

"தடயம் சொல்லும், மேடம்."

நான் குலுக்கக் கை நீட்டினேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். ஆட்டுப் பிசுக்கில் அது வெண்ணெய் தடவிய ரொட்டிக்கல் மாதிரி மின்னியது. அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கூடத்து ஜன்னலில் கம்பளி அப்படியே இருந்தது. பெட்சன் தன் ஆடுகளின் தோளில் செங்காவி அடையாளம் போடுவாள். இந்தக் கம்பளியிலும் சிவப்பு.

"ஜன்னல் ஏறும்போது அவ கோட்டுல ஒட்டியிருந்தது சிக்கியிருக்கு," என்றார் சர் கத்பர்ட். "சுலபமான கேஸ்."

மிஸ் அதை எடுத்து மோந்து பார்த்தார். கசக்கினார். விரல்களைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் கசக்கினேன்.

"என்ன எம்ரிஸ்?"

"மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புன கம்பளி மாதிரி இருக்கு, மிஸ்."

"வாயை மூடிக்கிட்டு பையில போடு." சர் கத்பர்ட் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்ல தடயம். இவ்ளோ நல்ல தடயத்தை நான் பார்த்ததே இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. "எவ்ளோ பெரிய நஷ்டம் பாருங்க! என் சொந்த மூதாதை. மூக்கைப் பார்த்தாலே தெரியும்."

"புகை படிஞ்ச படத்துல மூக்கு தெரிஞ்சுதா சர்?" என்றேன்.

"ரத்தம் பேசும்," என்றார் அவர்.

சமையலறையில் கெத்தின் திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மாளிகையின் பழைய வேலைக்காரன். இவனும் மிஸ்ஸிடம் அடி வாங்கியவன்தான். எங்களைப் பார்த்ததும் இரண்டு துண்டு ரொட்டியை நகர்த்தி வைத்தான்.

"பெட்சனை நிஜமாவே கொண்டுபோயிடுவாங்களா மிஸ்?"

"அது நீ சொல்றதைப் பொறுத்து. படம் திரும்பி வந்தப்போ யார் பார்த்தா?"

"ஐயா பார்த்தார். அப்புறம் எஸ்டேட்டைப் பார்த்துக்கற ஏஜென்ட் கிட்டின்ஸ். வேற யாரையும் பக்கத்துல விடல. சனிக்கிழமை விருந்து வெச்சு எல்லாருக்கும் காட்டறதா இருந்தார்."

"ஏஜென்ட் என்ன சொன்னார்?"

"சொன்னது காதுல விழல மிஸ். படத்துக்குக் கிட்டப் போனார். குனிஞ்சார். ஐயாகிட்ட ஏதோ முணுமுணுத்தார். நான் விஸ்கி நீட்டினேன், வேணாம்னுட்டார்."

நான் மெல்வதை நிறுத்தினேன். "யாரு? கிட்டின்ஸா? சாவு வீட்டுலயும் ரெண்டாவது கிளாஸ் கேக்கற ஆளு!"

"அதான் நானும் பயந்துட்டேன். ஐயா அப்படியே நாற்காலில உக்காந்துட்டார். இந்த மாளிகையில ஒரு படத்தைப் பார்த்து யாரும் உக்காந்ததில்ல."

மிஸ் தேநீரைக் கலக்கினார். "படத்தை எதுல சுத்தம் பண்ணாங்க?"

"எதுலன்னா என்ன மிஸ்? இவங்க கம்பெனி லாவண்டர் சோப்புலதான். சிட்டில படம் துடைக்கிறவர் வேற ஏதோ மருந்து வேணும்னார். ஐயா விடல. எங்க சோப்புக்குப் போகாத அழுக்கு உலகத்துல இல்லைன்னு ஒரு பெட்டி அனுப்பி வெச்சார்."

"வீட்டம்மா இன்னும் கம்பளி நூற்கறாங்களா?"

"வரவேற்பறையில ராட்டை வெச்சிருக்காங்க. பொழுது போகணுமே. கம்பளியை முதல்ல இதே சோப்புல நாலு தண்ணி அலசிட்டுத்தான் தொடுவாங்க. ஆட்டு வாசனை ஆகாது."

"வேற ஏதாவது மாறியிருக்கா வீட்டுல?"

கெத்தின் யோசித்தான். "சோப்புத் தாத்தா மேல வந்துட்டார்."

"யார்?"

"ஜோசையா லேதம். கம்பெனி ஆரம்பிச்சவர். இத்தனை வருஷமா துணி துவைக்கிற அறைப் பக்கத்துல, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னார். கையில சோப்புக் கட்டியோட வரைஞ்ச படமில்ல? விருந்தாளி பார்த்தா ஐயாவுக்கு மானம் போயிடும். இப்ப திடீர்னு நூலகத்துல, கணப்புக்கு மேல மாட்டியிருக்கார். ஐயாவும் ஏஜென்டும் தாங்களே தூக்கி மாட்டினாங்க. என்னைத் தொட விடல."

"சுத்தம் பண்ணக்கூடவா விடல?"

"இல்ல மிஸ். நேத்து லேசா சாஞ்சிருந்துச்சு, நிமிர்த்தலாம்னு போனேன். ஆணி வளைஞ்சு கிடக்கு. முன்னாடி நானும் சமையக்காரியும் சேர்ந்து விளையாட்டா தூக்குவோம். இப்ப அசையல. தாத்தாவுக்கு கனம் ஏறிடுச்சு."

மிஸ் கோப்பையை வைத்தார்.

"செத்தவங்களுக்கு எடை ஏறாது, கெத்தின். ரொட்டியை எடுத்துக்கிட்டு வா. தேநீர் நூலகத்துலதானே?"

நூலகத்தில் ஆணையர் பென்ரீஸ் கணப்புக்கு முதுகைக் காட்டிச் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். வயதான மனிதர். காலணியில் சேறு, கண்ணில் தூக்கம். ஓரத்தில் கான்ஸ்டபிள் போவன். அவன் பக்கத்தில் பெட்சன் ஹொவெல், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. சிறைக்குப் போவதென்றாலும் சபைக்குப் போவது போலத்தான் கிளம்பியிருக்கிறாள்.

"என்னடா எம்ரிஸ், நீயும் இவங்க பக்கமா?" என்றாள். "உங்கப்பன் இருந்தா உன்னைக் குவாரிக் குழியிலயே போட்டு மூடியிருப்பான்."

"மூடித்தான் பார்த்தாங்க, பெட்சன் அத்தை. ரெண்டு விரலை மட்டும் எடுத்துக்கிட்டு விட்டுட்டாங்க."

"மிஸ், உங்களையும் நம்பினேன் பாருங்க," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணப்புக்கு மேலே ஜோசையா லேதம், வேதபுத்தகம் மாதிரி சோப்புக் கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் சரிந்து எல்லோரையும் முறைத்தார்.

"சொல்லுங்க, மிஸ் ப்ராசர்," என்றார் சர் கத்பர்ட். "ஆணையர் காத்திருக்கார்."

"சொல்றேன். ஆனா அந்தப் படம் சாஞ்சிருக்கறது கண்ணை உறுத்துது. முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவளுக்குக் கோணல் ஆகாது. எம்ரிஸ், நிமிர்த்து."

"வேணாம்!" சர் கத்பர்ட்டின் குரல் கீச்சிட்டது. "அது... ரொம்ப உணர்ச்சிபூர்வமான படம்."

நான் அதற்குள் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். எட்டு விரல்களால் சட்டத்தைத் தொட்டேன், அவ்வளவுதான். வளைந்த ஆணி விட்டுக்கொடுத்தது. சோப்புத் தாத்தா கணப்பு மேடையில் மோதி, ஆணையரின் தேநீரைத் தட்டிவிட்டு, தரையில் குப்புற விழுந்தார். பின்பக்கத்து மெல்லிய பலகை தெறித்துத் திறந்தது. அதற்குள் கனத்த மரச்சட்டத்தில் இன்னொரு ஓவியத் துணி. நான் புரட்டினேன்.

பளிச்சென்று ரிஷார்ட் க்வின் சிரித்தார். பக்கத்தில் கடா. பின்னால் மலை.

ஆணையர் மேலே தெறித்த தேநீரைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"திருடன் இங்கேயே ஒளிச்சு வெச்சிருக்கான்!" என்றார் சர் கத்பர்ட். "அப்புறமா வந்து எடுக்கறதுக்கு!"

"உங்க ஏஜென்டோட உதவியோடயா?" என்றார் மிஸ். "போவன், பெட்சனை விடு. அந்தக் கம்பளியைப் பார். எம்ரிஸ், வெளியில உன் கைதி இன்னும் இருக்கா?"

தோட்டத்துக் கதவைத் திறந்தேன். இருந்தது. கடைசி ரோஜாவில் இருந்தது. காதைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். அது பாரசீகக் கம்பளத்தில் நின்று உதறி, எல்லோர் மேலும் மழை பெய்தது.

"ஆட்டைத் தொட்டுட்டு விரலைப் பாருங்க, ஆணையரே. இப்ப ஜன்னல்ல கிடைச்சதைத் தொடுங்க."

ஆணையர் தொட்டார். ஒரு கை மின்னியது, மற்றது காய்ந்திருந்தது.

"லாவண்டர்," என்றார் மோந்து பார்த்து.

"பெட்சன் ஹொவெலுக்கு ஆயிரம் வேலை. ஆட்டுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, அந்தக் கம்பளியை ஒட்டிக்கிட்டுத் திருடப் போவாளா? காவியும் நுனியில மட்டுந்தான் இருக்கணும். இதுல உள்ளுக்குள்ள வரைக்கும் சிவப்பு. வீட்டம்மாவோட ராட்டைக் கூடையிலேருந்து எடுத்துச் சாயம் தடவியிருக்கு. அழுக்குக் கம்பளியைக் கையால தொட முடியாத ஒருத்தர் செஞ்ச வேலை."

போவன் விலங்கை எடுத்துப் பைக்குள் போட்டான். சத்தம் கேட்காமல் போட்டான். பெட்சனின் ஆடுகளை எண்ணிக் கணக்குப் படித்தவன் அவன்.

சர் கத்பர்ட் இளஞ்சிவப்பிலிருந்து வெளுத்து, பிறகு மெல்ல நிறம் திரும்பினார். சோப்பு விற்று சர் பட்டம் வாங்கிய ஆள் லேசுப்பட்டவரா? நிமிர்ந்து நின்றார்.

"சரி. ஒரு சின்னக் குழப்பம். படத்தோட பாதுகாப்புக்காகத்தான்... எதுவா இருந்தா என்ன? படம் கிடைச்சிடுச்சு! பாருங்க ஆணையரே. என் மூதாதை. பின்னால மோயல் மலை, உச்சியில அந்த நடுகல்கூட இருக்கு. கையில என் குடும்பத்துக் கடா. முன்னூறு வருஷமா மலை எங்களோடது. நான் கேட்ட சாட்சியை மிஸ் ப்ராசரே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டாங்க. நன்றி, மேடம்."

ஆணையர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். "படத்துல மலை தெளிவாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

பெட்சன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எம்ரிஸ்," என்றார், "அவ்ளோ நல்ல சாட்சியை எதுக்கு ஒளிச்சு வெச்சார்னு யோசிச்சியா?"

"வெட்கமா இருக்கும், மிஸ்."

"எதைப் பார்த்து கிட்டின்ஸ் விஸ்கியை வேணாம்னார்? குனிஞ்சு பார்த்தாராம். நீயும் குனி."

குனிந்தேன். வரைந்தவன் லண்டனிலிருந்து வந்த ஓவியன் என்று ஊரே சொல்லும். எங்கள் காது வெட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணில் பட்டதை அப்படியே வரைந்திருக்கிறான். கொம்பின் ஒவ்வொரு வளையம், மூக்கில் ஈரம், அப்புறம் காது.

இடது காதின் நுனியில் மீன்வால் பிளவு. வலது காதின் அடியில் ஒரு கொத்து.

நான் பெட்சனின் ஆட்டை இழுத்து வந்து, படத்தின் பக்கத்தில் நிறுத்தி, அதன் தலையைத் திருப்பினேன். இரண்டு தலைகளும் ஒரே திசையைப் பார்த்தன. ஒரே காது.

"அட கடவுளே," என்றான் போவன். "இது அத்தை பண்ணையோட வெட்டு."

"மாளிகையோட வெட்டு என்ன?" என்று ஆணையர் கேட்டார்.

"வலது காது நுனி, நேர் வெட்டு," என்றான் கெத்தின், ரொட்டித் தட்டோடு. "கதவுக்கு மேல கல்லுலயே செதுக்கியிருக்கு."

ஆணையர் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவரும் மலைப் பண்ணையில் பிறந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்துக் காதைப் பார்த்தார். ஆட்டுக் காதைத் தடவினார். வாயோரம் துடித்தது.

"காது வெட்டு பண்ணைக்குச் சொந்தம். ஆளுக்கு இல்ல," என்றார். "பண்ணையில யார் மாறினாலும் காது மாறாது. அப்ப அன்னிக்கே இந்தப் பண்ணையோட ஆடு அந்த மலையில மேஞ்சிருக்கு. அதுலேருந்து நல்ல கடாவைப் பிடிச்சுப் பக்கத்துல நிறுத்தி, இந்தப் பெரிய மனுஷர் படம் வரைஞ்சுக்கிட்டிருக்கார். சர் கத்பர்ட், உங்க மூதாதை பக்கத்து வீட்டு ஆட்டோட நிக்கறார்."

"புகை மறைச்சு வெச்சிருந்துச்சு," என்றேன் நான். "சோப்பு காட்டிக் குடுத்துடுச்சு."

சர் கத்பர்ட் படத்திலிருந்து இரண்டடி பின்வாங்கினார்.

"ஒரு நிமிஷம். அந்த ஆள்... அந்த ஆள் திருடன்னா எனக்கென்ன? அவன் எனக்கு யாரு? எங்க தாத்தா இதை வீட்டோட சேர்த்து வாங்கினார்! அடுப்பு மாதிரி! நாங்க லங்காஷயர்ல சோப்புக் காய்ச்சினவங்க. நேர்மையான தொழில்! அந்தக் கிழவனுக்கும் எனக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது!"

"மூக்கு?" என்றார் மிஸ்.

"என் மூக்கு எங்கம்மா மூக்கு!"

ஆணையர் எழுந்து முழங்காலைத் தட்டினார்.

"நல்லது. உங்க குடும்பத்துக்கும் மலைக்கும் இருக்கிற பழைய தொடர்பே இந்த மனுஷர் வழியாத்தான்னு மனுவுல சொல்லியிருந்தீங்க. இப்ப அவர் உங்களுக்கு யாருமில்லைங்கறீங்க. சாட்சிகளுக்கு முன்னாடி." தொப்பியை எடுத்தார். "மேய்ச்சல் பெட்சன் ஹொவெலோட பண்ணைக்கே. வேலிக் கம்பியை வாங்கின கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க."

பெட்சன் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். படத்துக்கு முன்னால் போய் நின்று, கடாவைத் தலையிலிருந்து குளம்புவரை நிதானமாகப் பார்த்தாள். சந்தையில் பார்ப்பதைப் போல.

"நல்ல கடா," என்றாள். "நெஞ்சு நல்லா அகலம். இப்ப இந்த மாதிரி வர்றதில்ல." பிறகு சர் கத்பர்ட் பக்கம் திரும்பினாள். "எப்ப திருப்பித் தர்றீங்க?"

"எதை?"

"எங்க கடாவை."

"அது செத்து முன்னூறு வருஷம் ஆச்சு, அம்மா!"

"அப்ப குட்டிகளைத் தாங்க."

கான்ஸ்டபிள் போவன் தொண்டையைச் செருமினான். அவன் காலையில் கிளம்பியதே ஒரு திருட்டு வழக்கைப் பதிவு செய்யத்தான். வெறுங்கையோடு திரும்ப அவனுக்கு மனமில்லை.

"வீட்டை வாங்கும்போது எல்லாத்தையும் சேர்த்துத்தானே வாங்கினதா சொன்னீங்க, சர்?" என்றான் பணிவாக. "அப்ப திருட்டும் சேர்ந்துதான் வந்திருக்கும்."